பிடித்தார்... கட்டினாரா?

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. சினிமா தியேட்டரில் நாலு பக்கமும் அதிர வைக்கும் சவுண்டை டி.டி.எஸ். என்றுதான் எழுத வேண்டும். மாசா மாசம் சம்பளத்தில் பிடிக்கிற வருமான வரியையும் டி.டி.எஸ். என்றுதான் எழுத வேண்டும். இங்கிலீஷில் எழுத்து முன்னே பின்னே மாறும். நமக்கு எல்லாம் ஒரே 'டி'. வித்தியாசம் என்னவென்றால், தியேட்டர் டி.டி.எஸ். காதைக் கிழிக்கும். சம்பள டி.டி.எஸ். சத்தமே போடாமல் சட்டைப் பையைக் கிழிக்கும்.

இந்த இரண்டாவது டி.டி.எஸ்.ஸில் ஆபீஸ் தப்புப் பண்ணிவிட்டால் பணம் யார் கட்டுவது? கம்பெனியா, நாமா?

கேட்டவர் வல்லம் வடகாலில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. ஊர் தெரியாதவர்களுக்கு: ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் போகும் ரோட்டில், சிப்காட் போர்டு கண்ணை மறைக்கும் இடம். 2017-ல் ராயல் என்ஃபீல்டு இங்கே புல்லட் செய்ய ஆரம்பித்தது. 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும் விடுதியை அரசாங்கம் திறந்தது. பதினெட்டாயிரம் பேர்! பல ஊராட்சிகளில் அத்தனை ஓட்டு கிடையாது. ஷிப்ட் விடுகிற நேரத்தில் ரோட்டைக் கடக்க முயல்பவர் இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பது நல்லது.

தம்பியின் பெயர் வேண்டாம். அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பெயரும் வேண்டாம். கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த சின்னக் கம்பெனி. இப்போது கேட்டில் பூட்டு தொங்குகிறது.

கணக்கு இதுதான். 2021-22 நிதியாண்டு. சம்பளம் மாசம் 80,000. வருஷத்துக்கு 9,60,000. பழைய முறைப்படி நிலையான கழிவு 50,000, பி.எஃப்., எல்.ஐ.சி. வகையறா 1,50,000 போக மிச்சம் 7,60,000. அதற்கு வரி செஸ்ஸோடு சேர்த்து 67,080. கம்பெனி இதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாசம் 5,590 ரூபாய் பிடித்தது. பைசா சுத்தம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிடித்ததில் முதல் மூன்று மாதப் பணம் மட்டும் அரசாங்கத்துக்குப் போனது. மீதி ஒன்பது மாதத்துக்கான 50,310 ரூபாய் போகவில்லை. தகடு வாங்கினார்களோ, கரன்ட் பில் கட்டினார்களோ, யார் கண்டது?

தம்பி நல்ல பிள்ளையாக ரிட்டர்ன் போட்டார். சில மாதம் கழித்து வருமான வரித் துறையிலிருந்து மெயில். 'உங்கள் பேரில் வந்து சேர்ந்திருப்பது 16,770. நீங்கள் கழித்துக்கொண்டிருப்பது 67,080. பாக்கியை வட்டியோடு கட்டவும்.'

தம்பி பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். (அப்போது போன் எடுக்க ஆள் இருந்தது.)

"பிடிச்சிருக்கே தம்பி, ஸ்லிப்ல பாருங்க" என்றார் எச்.ஆர்.

"கட்டலையே ஸார்!"

"அது ஃபைனான்ஸ்."

ஃபைனான்ஸ் சொன்னது: "அது கன்சல்டன்ட் பார்க்கிற வேலை."

கன்சல்டன்ட் சொன்னார்: "எனக்கே ஏழு மாசமா ஃபீஸ் வரலை தம்பி. உங்க கம்பெனில யாராவது தெரிஞ்சவங்க இருந்தா கொஞ்சம் சொல்லி விடறீங்களா?"

புது ஆபீஸில் சீனியர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஆபீஸ் சீனியர்கள் எப்போதும் சொல்கிற யோசனைதான். "இன்கம்டாக்ஸோட எதுக்கு வம்பு? கட்டித் தொலைச்சிடு." ஐம்பதாயிரம் ரூபாய். ஒருமுறை சம்பளத்திலிருந்து போய்விட்ட அதே ஐம்பதாயிரம். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுப்பதாக இருந்தார்.

நான் சொன்னேன்: "கட்டாதீங்க."

*

டவுன் பஸ்ஸில் ஏறுகிறீர்கள். கண்டக்டரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். கண்டக்டர் அந்தக் காசை டெப்போவில் கட்டினாரா, வழியில் பரோட்டா சாப்பிட்டாரா என்பது உங்கள் கவலையா? செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, "டெப்போவுக்குப் பணம் வந்து சேரலை, நீங்க மறுபடியும் கொடுங்க" என்றால் பஸ்ஸே சிரிக்கும்.

1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் 205-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. சம்பளத்திலிருந்து எந்த அளவுக்கு வரி பிடிக்கப்பட்டதோ, அந்த அளவுக்குச் சம்பளக்காரரை நேராகக் கட்டச் சொல்லக் கூடாது. 'பிடிக்கப்பட்டதோ' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 'கட்டப்பட்டதோ' இல்லை. தம்பியின் கேஸ் முழுக்க அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. 2025-ல் நிறைவேறிய புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று தேதி வைத்துப் பிரிவு எண்களையெல்லாம் மாற்றிப் போட்டது. ஆனால் 205 சொன்ன சங்கதியை அதுவும் கைவிடவில்லை. எப்படியும் தம்பியின் வருஷத்துக்குப் பழைய சட்டம்தான்.

இவ்வளவு தெளிவாக இருந்தால் ஏன் மெயில் வந்தது? நல்ல கேள்வி. சட்டத்தில் 199 என்று இன்னொரு பிரிவு உண்டு. அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்த வரிக்குத்தான் உங்கள் கணக்கில் வரவு வைக்கலாம் என்பது அது. கம்ப்யூட்டருக்கு 199 தெரியும். அதற்கு 205-ஐ யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்ததைப் பார்க்கும், வராததைக் கேட்கும்.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களில் பெரிய கோஷ்டி ஒன்று உண்டு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஊழியர்கள். 2012 அக்டோபரில் அந்தக் கம்பெனியின் விமானங்கள் தரையிறங்கியதும், முதலாளி 2016 மார்ச்சில் லண்டன் போய்ச் சேர்ந்ததும் ஊருக்கே தெரியும். சம்பளத்தில் பிடித்த வரி அரசாங்கத்துக்குப் போய்ச் சேராத கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. சம்பளமே பாக்கி. அதற்கு மேல், பிடித்த வரியை நீயே திரும்பக் கட்டு என்று வரித் துறை நோட்டீஸ். வெந்த புண்ணில் வேல்.

அவர்களில் ஒரு விமானி குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 நவம்பரில் தீர்ப்பு. கம்பெனி பிடித்துவிட்டது, கட்டாதது கம்பெனியின் குற்றம், விமானியிடம் கேட்கக் கூடாது, அவர் கணக்கில் அந்த வரியை வரவு வைக்க வேண்டும் என்றது கோர்ட். பம்பாய் உயர் நீதிமன்றம் 2007-லேயே ஒரு சம்பளக்காரர் விஷயத்தில் 205-ஐ இப்படித்தான் படித்திருந்தது.

வரித் துறையின் தலைமை வாரியமும் சும்மா இருக்கவில்லை. 2015 ஜூன் 1-ம் தேதி அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் போட்டது: பிடித்தவர் கட்டவில்லை என்பதற்காகப் பிடிக்கப்பட்டவரை வசூலுக்கு விரட்டாதீர்கள். ஒன்பது மாதம் கழித்து, 2016 மார்ச் 11-ம் தேதி, அதையே மறுபடி நினைவுபடுத்தி இன்னொரு கடிதம். அரசாங்கத்தில் ஒரே விஷயத்துக்கு இரண்டாவது கடிதம் வந்தால் முதல் கடிதம் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு சாமர்த்தியமும் நடந்தது. நேராகக் கேட்கத்தானே கூடாது? அடுத்த வருஷம் உங்களுக்கு ரீஃபண்ட் வரவேண்டியிருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே! 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கும் தடை போட்டது. முன்வாசலில் வரக் கூடாதவர் கொல்லைப்புறமாகவும் வரக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அப்படியானால் கம்பெனிக்கு என்ன ஆகும்? பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாசத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. கணக்குத் தாக்கல் செய்யத் தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். 1961 சட்டத்தில் இதற்கு ஜெயிலும் உண்டு, மூன்று மாதத்திலிருந்து ஏழு வருஷம் வரை. சட்டத்தில் ஜெயில் இருப்பதும் முதலாளி ஜெயிலில் இருப்பதும் வேறு வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

*

இதுவரை சொன்னது டிக்கெட் வாங்கிய பயணியின் கதை. கண்டக்டர் டிக்கெட்டே கொடுக்கவில்லை, காசும் கேட்கவில்லை என்றால்? அதாவது கம்பெனி வரி பிடிக்கவே மறந்துவிட்டது, அல்லது குறைவாகப் பிடித்துவிட்டது.

இங்கே 205 கைகொடுக்காது. பிடித்த அளவுக்குத்தான் அது காவல். பிடிக்காத பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தான் வந்திருக்கிறது, நீங்கள்தான் செலவழித்திருக்கிறீர்கள். அந்த வரி உங்களுடையது. "ஆபீஸ்ல பிடிக்கலையே ஸார், எனக்கென்ன தெரியும்?" என்பது கேட்க நியாயமாக இருக்கும். கோர்ட்டில் செல்லாது. தொகை 10,000-ஐத் தாண்டினால் முன்கூட்டியே ஏன் கட்டவில்லை என்று உங்களுக்கே வட்டியும் விழலாம்.

கம்பெனியும் தப்பிக்காது. பிடிக்காமல் விட்டதற்கு மாசம் ஒரு சதவீதம் வட்டி. வரியையே கம்பெனியிடம் கேட்கவும் துறைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நீங்கள் கட்டிவிட்டீர்கள் என்றால் அதே வரியைக் கம்பெனியிடம் இரண்டாம் முறை வசூலிக்க முடியாது, வட்டி மட்டும்தான் என்று 2007-ல் இந்துஸ்தான் கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மாட்டுக்கு ஒரு சூடு.

இந்த வகையில் எனக்குப் பிடித்த வழக்கு ஸ்டேட் பேங்க் வழக்கு. 2022 நவம்பர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கி ஊழியர்களுக்கு எல்.டி.சி. உண்டு. இந்தியாவுக்குள் குடும்பத்தோடு போய்வந்தால் பயணச் செலவு கிடைக்கும், வரி கிடையாது. இந்தியாவுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, குறுகிய வழியில். இவ்வளவுதான் நிபந்தனை. நம் ஆட்கள் எப்படிப் போனார்கள் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. போர்ட் பிளேருக்கு மலேசியா, சிங்கப்பூர் வழியாக. மதுரைக்கு துபாய், தாய்லாந்து வழியாக. ராமேஸ்வரத்துக்கு மொரிஷியஸ் வழியாக!

ராமரே ராமேஸ்வரத்துக்கு அப்படி வரவில்லை.

'உள்நாட்டில் குறுகிய வழிக்கு என்ன செலவோ அதைத்தானே கொடுத்தோம்' என்று வங்கி வாதாடியது. எடுபடவில்லை. டிக்கெட்டும் பில்லும் வங்கியின் கையில்தான் இருந்தன. வெளிநாடு போனது அதிலேயே தெரிந்தது. வரி பிடித்திருக்க வேண்டும், பிடிக்காதது வங்கியின் தவறு என்று முடித்துவிட்டார்கள். தாய்லாந்தில் மசாஜ் செய்துகொண்டது ஊழியர், தவறியவர் என்று பட்டம் வாங்கியது முதலாளி. வரிச் சட்டத்தில் முதலாளிக்காக நான் பரிதாபப்பட்ட ஒரே இடம் இது.

ஆகவே ஜனவரி வந்தால் எச்.ஆர். ஆசாமிகள் ஏன் வாடகை ரசீது, வீட்டுக்காரர் பான் எண் என்று உயிரை எடுக்கிறார்கள் என்பது புரியும். 2009-ல் எல் அண்ட் டி வழக்கில், முதலாளி பில்லையெல்லாம் கேட்டு வாங்கி அடுக்க வேண்டிய கடமை சட்டத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தச் சுகம் நீடிக்கவில்லை. 2016 ஜூனில் விதியைக் கொண்டு வந்து ஆதாரம் வாங்கியே ஆகவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கிய வாடகை ரசீதைப் பார்த்து எச்.ஆர். பெண் ஒரு மாதிரி சிரித்தால் கோபப்படாதீர்கள். மாட்டினால் வரி உங்களுக்கு, வட்டி அவர்களுக்கு.

ஒன்பது மாதம் தூங்கிவிட்டு ஜனவரியில் விழித்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. விட்டதையெல்லாம் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் ஒரே வெட்டாக வெட்டுவார்கள். அந்த நிதியாண்டுக்குள் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வரிச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்காகச் சம்பளக் கவரில் வெறும் கவர் மட்டும் கொடுக்க முடியுமா? 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. மார்ச் மாதம் மளிகைக் கடைக்காரரிடம் முகத்தை மறைத்துக்கொண்டு போகிறவர்கள் இதை வெட்டி பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

அதிகமாகப் பிடித்துவிட்டால் பெரிய கவலை இல்லை. ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கலாம். தாமதமாகும், வரும். உங்கள் வரியைத் தவறுதலாக வேறு யாருடைய பான் எண்ணிலாவது கட்டிவிட்டால்தான் தலைவலி. அதைத் திருத்தக் கம்பெனியால் மட்டுமே முடியும். வேலையை விடும்போது மேனேஜரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வருவதில் இப்படி ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது.

கனடாவில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. 2016 பிப்ரவரியில் அங்கே மத்திய அரசு ஃபீனிக்ஸ் என்று ஒரு சம்பள சாஃப்ட்வேர் கொண்டு வந்தது. சாம்பலிலிருந்து எழுகிற பறவையின் பெயர். இது எழாமல் சாம்பலாகவே இருந்தது. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்கு இரண்டு மடங்கு வந்தது. கூட வாங்கியவரிடம், 'வருஷம் முடிந்துவிட்டது, வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையையும் திருப்பிக் கொடு' என்றார்கள். அதாவது அவர் கைக்கே வராமல் வரியாகப் போன பணத்தையும் சேர்த்து! அதை வரித் துறையிடம் அவரே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சத்தம் பெரிதாகி, 2019-ல் கைக்கு வந்ததைத் திருப்பினால் போதும் என்று மாற்றினார்கள். டொரண்டோவில் இருக்கும் நம் உறவினர்களில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஃபீனிக்ஸ் என்றால் போனை வைத்துவிடுவார்.

*

ஒரகடம் பக்கம் போனால் வரியைப் பற்றிக் கவலையே படாத ஒரு சாராரையும் பார்க்கலாம். கொரியா, ஜப்பான், ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் பெரிய அதிகாரிகள். 'எனக்குக் கைக்கு இவ்வளவு வரணும், வரி உன் பாடு' என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வருபவர்கள் இவர்களில் உண்டு. கம்பெனி வரி கட்டும். கட்டிய வரியே அவருக்குக் கிடைத்த வருமானம் என்று அதற்கும் வரி. வரிக்கு வரி. 30 சதவீத வரியில் கைக்கு 70 ரூபாய் வர வேண்டுமானால் கம்பெனி 100 ரூபாய் சம்பளமாகக் காட்ட வேண்டும். பாதிச் சம்பளம் அவர் சொந்த ஊர் பேங்கில் போடப்பட்டாலும், வேலை இந்தியாவில் நடந்தால் இங்குள்ள கம்பெனி அதற்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று 2009-ல் எலி லில்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நமக்கு அந்த ஒப்பந்தம் கிடைக்காது. கேட்டுப் பார்க்கலாம். எச்.ஆர். ஒரு வாரம் சிரிப்பார்கள்.

வல்லம் வடகாலில் ஷிப்ட் பஸ்ஸில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரி வராது. 2025-26 முதல் புது முறையில் 12,75,000 ரூபாய் வரை சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் அவர்களுக்கும் ஒரு பிடித்தம் உண்டு. பி.எஃப்., அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம். 21,000-க்குள் சம்பளம் என்றால் ஈ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம். இவர்களுக்கு நிஜமான டி.டி.எஸ். இதுதான். இதில் தப்பு நடந்தால் தொகை சிறியது, அடி பெரியது.

பி.எஃப். விஷயத்தில் சட்டம் வருமான வரியைவிடத் தொழிலாளி பக்கம் சாய்ந்திருக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணம் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பணம். கட்டாவிட்டால் நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம். பிடிக்க மறந்துவிட்டாலோ, இன்னும் விசேஷம். அந்தந்தச் சம்பளத்திலிருந்துதான் தொழிலாளி பங்கைப் பிடிக்கலாம். மறந்ததைப் பிற்பாடு பிடிக்க வேண்டுமானால் அது தற்செயலான தவறு என்று காட்டி இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று 1952-ம் வருஷத் திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இல்லாவிட்டால் இரண்டு பங்கும் முதலாளி கையிலிருந்துதான். ஒரகடத்தில் லாரி செய்யும் ஜெர்மன்காரர்களின் ஊரில்கூட, விட்டுப்போன சமூகக் காப்பீட்டுப் பிடித்தத்தை அடுத்த மூன்று சம்பளத்துக்குள் பிடித்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால்தான் முதலாளி தலையில்.

கான்ட்ராக்ட் ஆள் வைத்திருந்தால்? கான்ட்ராக்டர் ஓடிவிட்டால், யாருடைய ஷெட்டில் வேலை நடந்ததோ அந்தப் பெரிய கம்பெனி கட்ட வேண்டும். கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. இது தெரியாமல், "ஏஜென்சிக்காரன் ஏமாத்திட்டான் ஸார், விட்டுட்டேன்" என்கிற பையன்களைத் தொழிற்பேட்டை டீக்கடைகளில் நிறையப் பார்த்துவிட்டேன். ஒருத்தரிடம் பாஸ்புக்கைப் போனில் திறந்து காட்டச் சொன்னேன். பதினாலு மாத வேலைக்கு ஐந்து மாத வரவு.

"சம்பள ஸ்லிப் இருக்கா?"

"அதெல்லாம் தர மாட்டாங்க ஸார். ஜிபேல போட்டுடுவாங்க."

டிக்கெட் இல்லை. இனி இவர் வேலை பார்த்ததையே நிரூபிக்க வேண்டும். வருகைப் பதிவு, கேட் பாஸ், பேங்க் வரவு என்று ஒவ்வொன்றாக.

*

முதல் தம்பிக்கு வருவோம். 205 அவருக்குக் காவல், சரி. ஆனால் 'பிடிக்கப்பட்டது' என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. எங்கே காட்டுவார்? ஸ்லிப்பெல்லாம் கம்பெனி போர்ட்டலில் இருந்தன. ரிசைன் செய்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு லாகின் போய்விட்டது. ஃபார்ம் 16 வந்திருந்தது. அதில் ஏ பகுதி அரசாங்கத் தளத்திலிருந்து வருவது. கட்டிய மூன்று மாதத்தை மட்டும் காட்டியது. பி பகுதியும் அதே தளத்திலிருந்து எடுத்துக் கம்பெனி கொடுக்க வேண்டியது. அதில் கையெழுத்தைக் காணோம்.

(ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே கத்திச் சொன்னவர். அந்த ஊர்ப் பக்கத்துக் கம்பெனிகள் சம்பள ஸ்லிப்பை ஏன் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுகின்றன என்பது எனக்குப் புரியாத புதிர்.)

"யாருக்காவது அனுப்பியிருக்கீங்களா? வீட்டு லோன், பைக் லோன்?" என்று கேட்டேன்.

தம்பி வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் சிவந்தது.

"புரோக்கருக்கு அனுப்பினேன் ஸார்."

"என்ன புரோக்கர்?"

"கல்யாண புரோக்கர்."

அந்த வருஷம் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டில் ஆறு மாச ஸ்லிப் கேட்டிருக்கிறார்கள். அந்த இடம் தட்டிப்போய், அடுத்த இடம். அவர்கள் புதிதாக ஆறு மாச ஸ்லிப். இப்படி மூன்று இடம் பார்த்ததில் வருஷம் பன்னிரண்டு மாத ஸ்லிப்பும் வாலாஜாபாத் புரோக்கரின் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருந்தன. ஸ்லிப்பில் 'வருமான வரி 5,590' என்று தெளிவாக ஒரு வரி. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அது போக மிச்சம் வரவு. இரண்டும் ரூபாய்க்கு ரூபாய் பொருந்தின.

வரித் துறையின் தளத்தில் 'இந்தக் கோரிக்கையை ஒப்புக்கொள்ளவில்லை' என்று பதில் போட்டு, ஸ்லிப்புகளையும் 2015, 2016 கடிதங்களையும் சேர்த்துத் தன் வார்டு அதிகாரிக்கு மனு கொடுத்தார். அதிகாரி நல்ல மனிதர். வசூலை நிறுத்தி வைத்தார். 50,310-ஐ வரவு வைக்க மட்டும் இன்னும் சிஸ்டம் சம்மதிக்கவில்லையாம். குஜராத் விமானி அதற்காகத்தான் கோர்ட் வரை போனார். தம்பி அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஸ்லிப்பைத் திருப்பி அனுப்பியதற்குப் புரோக்கர் 500 ரூபாய் கேட்டாராம். ஜிபேயில் போட்டுவிட்டு ரசீது கேட்டிருக்கிறார் தம்பி.